கச்சேரி விமர்சகர் எதைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும்?

நவம்பர் இறுதியில் சென்னைச் சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கியதும், விமர்சனம் எழுதப் புதிதாக வருகிறவர் முதலில் பெரிய பெயர்களைத் தேடி அடிக்கோடிடுவார். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் ஆகிய வட்டாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே மார்கழியில் ஒரே மாலையில், ஒரே நேரத்தில் பல மேடைகளில் கச்சேரி நடக்கும். எவ்வளவு ஓடினாலும் ஒரு நாளில் இரண்டு கச்சேரிகளைத்தான் முழுமையாகக் கேட்க முடியும். மூன்றாவதில் உடம்பு நாற்காலியில் இருக்கும், காது இருக்காது. இந்தக் கணக்கில் ஒருவர் ஒரு பருவத்தில் முப்பது அல்லது முப்பத்தைந்து கச்சேரிகள் கேட்டு, அவற்றுள் பத்துப் பன்னிரண்டைப் பற்றி எழுதலாம். ஆகவே எதைக் கேட்கப் போவது, கேட்டதில் எதை எழுதுவது என்று முடிவு செய்யும்போதே அவருடைய தீர்ப்பில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சபா நாற்காலிகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையில், அந்தத் தேர்வை எப்படிச் செய்யலாம் என்று இங்கே சொல்ல முயல்கிறேன். கர்நாடக இசைக் கச்சேரியை வைத்துத்தான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

கேள்வியோடு போங்கள்

நாளிதழ்களில் பல பத்தாண்டுகளாக வருகிற ஒரு விமர்சன வகை உண்டு. நாட்டக்குறிஞ்சி வர்ணத்தில் தொடங்கினார், அடுத்து ஹம்ஸத்வனியில் ஒரு கிருதி, பிறகு காம்போதி விஸ்தாரமாக அமைந்தது, பக்கவாத்தியங்கள் நல்ல ஒத்துழைப்பு நல்கின என்று அது முடியும். கல்யாண வீட்டு இலையில் பரிமாறியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, ரசத்தில் புளி தூக்கலாக இருந்ததா என்பதை மட்டும் சொல்லாமல் எழுந்து போவதைப் போன்றது இது. கச்சேரிக்கு வந்தவருக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. வராதவருக்கு அதனால் பயனில்லை. இப்படி எழுத நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று. எதைக் கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்தால், கேட்டது எல்லாமே ஒரே அளவு முக்கியமாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டியதாகிவிடும்.

அதனால் அரங்கத்துக்குள் நுழையுமுன் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் கேட்கிற கச்சேரியின் வரிசை, அதாவது தொடக்க உருப்படியான வர்ணம், சிறிய கிருதிகள், விரிவான ஆலாபனையோடு (பாடல் வரியின்றி ராகத்தை விரிப்பது) பிரதான உருப்படி, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் என்கிற சிறு பாடல்கள் என்ற அமைப்பு, அரியக்குடி ராமானுஜ ஐயங்காரால் நிலைபெற்றது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர் காலத்தில் நான்கு மணி நேரத்தை எளிதில் தொட்ட கச்சேரி இன்று பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. குறைந்துபோன நேரம் எங்கிருந்து குறைந்தது? ஆலாபனையிலிருந்தா, அதை அடுத்துத் துள்ளல் நடையில் ராகத்தை விரிக்கிற தானத்திலிருந்தா, பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாக விரிக்கிற நிரவலிலிருந்தா, தனி ஆவர்த்தனத்திலிருந்தா? இந்த ஒரு கேள்வியோடு ஐந்து கச்சேரிகளில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால், ஐந்து தனித்தனி விமர்சனங்களைவிடப் பெறுமானமுள்ள ஒரு கட்டுரை கிடைக்கும். ஒவ்வொரு பாடகரும் எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்பது அதில் தெரியும். அவருடைய இசைக் குணத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை என்பது என் அனுபவம்.

கேள்வி இதைவிடச் சிறியதாகவும் இருக்கலாம். தோடி ராகம் பாடப்படும் என்று தெரிந்தால், பஞ்சமத்தை ('ப' ஸ்வரத்தை) தொடாத பிரயோகங்களை அவர் எவ்வளவு தூரம் நீட்டுகிறார், பஞ்சமம் வந்து நிற்கும்போது கேட்பவருக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறதா என்று மட்டும் கவனிக்கலாம். நிரவலுக்கு எந்த வரியை எடுத்துக்கொண்டார், அந்த வரியில் பொருள் முழுமை பெற்றிருக்கிறதா என்று கவனிக்கலாம். ஸ்வரங்களை மேடையிலேயே கோத்துப் பாடுகிற கல்பனாஸ்வரத்தில் எந்த இடத்தில் ராகம் பின்னால் போய்த் தாளக் கணக்கு முன்னால் வந்தது என்று கவனிக்கலாம். நானூறு சொல்லில் இவற்றுள் ஒன்றைத்தான் உருப்படியாகச் சொல்ல முடியும். இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே மேலோட்டமாகிவிடும்.

நான் பெரிதும் பரிந்துரைக்கிற இன்னொரு தேர்வு, ஒரே கலைஞரை ஒரு பருவத்தில் மூன்று சபாக்களில் பின்தொடர்வது. பெரிய அரங்கத்தில் ராகம் தானம் பல்லவி என்கிற விரிவான உருப்படிக்கு ஆயத்தமாக வந்தவர், அடுத்த வாரம் இருநூறு பேர் கொள்ளும் கூடத்தில் என்ன பாடுகிறார்? இரண்டு இடத்திலும் அதே பைரவி ராகமா? அப்படியானால் அதே வழியில்தான் பைரவிக்குள் போகிறாரா, அல்லது அன்றைக்கு வேறு கதவைத் திறந்தாரா? மேடையிலேயே பிறக்கிற கற்பனையைக் குறிக்கும் மனோதர்மம் என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஒருவரை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அந்தச் சொல்லை எழுத நமக்கு உரிமையில்லை. ஆயத்தம் செய்து வந்ததையும் அந்தக் கணத்தில் பிறந்ததையும் பிரித்தறிய இரண்டாவது கச்சேரி வேண்டும்.

மதியக் கச்சேரிகள்

சபாக்களில் நாள் முழுவதும் நேரங்கள் படிநிலையாக ஒதுக்கப்படுகின்றன. நண்பகலிலும் பிற்பகலிலும் இளையவர்கள், நான்கு மணி வாக்கில் அடுத்த நிலையினர், மாலையில் மூத்தவர்கள். மதிய நேரக் கச்சேரிகளுக்குப் பல இடங்களில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. இருந்தும் அரங்கம் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். எழுத வருகிறவர்கள் தங்கள் பங்கில் பாதியையாவது இந்த நேரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். மாலைக் கச்சேரியைப் பற்றி எழுத ஐந்து பேர் வந்திருப்பார்கள். ஐந்தாவது ஆள் சொல்லப்போவது என்ன? மதியம் இரண்டு மணிக்கு, முப்பது பேருக்கு முன்னால், ஒரு வயலின் கலைஞர் பாடகரின் சஹானா ராகத்துக்குப் பதில் வாசித்த சஹானா எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பதினைந்து வயதுக் குழந்தையின் முதல் பெரிய மேடையில் குறை இருந்தால் அதை எழுதாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். குறையை ஆசிரியரிடம் நேரில் சொல்லலாம். அச்சில் ஏற்றினால் அந்தப் பெயரைத் தேடும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும். ஆனால் அதே காரணத்துக்காகப் புகழ்ச்சியையும் கட்டுப்படுத்த வேண்டும். "எதிர்கால நட்சத்திரம்" என்ற பட்டத்தை இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறோம், அவர்களுள் எத்தனை பேர் இன்னும் பாடுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் பேனா தானாகவே தயங்கும்.

தனி ஆவர்த்தனத்தில் உட்கார்ந்திருங்கள்

மிருதங்கக்காரர் தனியைத் தொடங்கும்போது அரங்கத்தில் நாற்காலிகள் மடிகிற சத்தம் கேட்கும். சிலர் சிற்றுண்டிச்சாலைக்குப் போகிறார்கள், சிலர் வீட்டுக்கே போகிறார்கள். விமர்சகரும் அவர்களோடு எழுந்து போய்விட்டு, மறுநாள் "தனி விறுவிறுப்பாக இருந்தது" என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். விமர்சன உலகம் மிகக் குறைவாக எழுதியிருக்கிற பகுதி இது என்பதாலேயே, புதிதாக வருகிறவருக்கு இங்கே நிறைய இடம் இருக்கிறது.

கேட்க வேண்டியது என்ன என்று தெரிந்துகொண்டால் தனி ஒரு கதையைப் போல் விரியும். ஆதி தாளத்தில், இரண்டு களையில் (தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பாக நீள) பிரதான உருப்படி அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிருதங்கம் முதலில் நிதானமாகத் தன் நடையை நிறுவும். கடமோ கஞ்சிராவோ இருந்தால் அது தன் முறைக்கு அதை வாங்கிப் பேசும். பிறகு குறைப்பு. இருவரும் மாறி மாறி வாசிக்கிற நீளம் படிப்படியாகச் சுருங்கி, இறுதியில் சில எழுத்துகளுக்குள் கேள்வியும் பதிலும் முடிந்துவிடும். அதன் பின் இருவரும் சேர்ந்து மோரா என்கிற முத்தாய்ப்பை வாசித்து, கோர்வை என்கிற கணக்குக் கோவையை மூன்று முறை வைத்து, பாடகர் பாட்டை எடுக்க வேண்டிய எடுப்பில் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கணக்குகள் இல்லாமல் இயல்பான ஓட்டத்தில், அதாவது சர்வலகுவாகப் போனபோது பாட்டின் சுவடு அந்தச் சொற்கட்டுகளில் இருந்ததா, குறைப்பில் ஒருவர் சொன்னதை மற்றவர் உண்மையில் கேட்டாரா அல்லது தயாரித்து வந்ததை வாசித்தாரா, கோர்வை பாட்டின் காலப் பிரமாணத்துக்குள் இயல்பாக உட்கார்ந்ததா அல்லது வேகத்தை ஏற்றித்தான் முடிக்க முடிந்ததா: இவை எல்லாமே எழுதத்தக்கவை. தஞ்சாவூர்ப் பாணி என்றும், மான்பூண்டியா பிள்ளை வழி வந்த புதுக்கோட்டைப் பாணி என்றும் சொல்கிற வேறுபாடுகள் இன்றைய இளைஞர்களின் கையில் எப்படிக் கலந்திருக்கின்றன என்பது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

ஆனால் கையில் தாளம் போட்டு, எடுப்பு, தாளம் தொடங்குகிற சமத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் லயத்தில் பிழை கண்டதாக எழுதக் கூடாது. தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிருதங்கம் கற்கிற மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். நான் நான்கு பருவங்கள் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவர் என் தொடையில் தட்டித் தட்டிக் காட்டிய கணக்குகளுக்காக இன்றுவரை நன்றியுடையவனாக இருக்கிறேன்.

வயலினுக்கும் இதே நியாயம் உண்டு. கச்சேரி முழுவதையும் வயலின் கலைஞரின் பக்கத்திலிருந்து கேட்டு ஒரு விமர்சனம் எழுதிப் பாருங்கள். பாடகர் இரண்டு ஸ்தாயியில் அலைந்து பத்து நிமிடம் கட்டிய ராகத்தை நான்கு நிமிடத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே வாக்கியங்களைச் சொன்னால் எதிரொலி, வேறொன்றைச் சொன்னால் மீறல் என்ற இக்கட்டில் அவர் ஒவ்வொரு மாலையும் வாழ்கிறார்.

சாகித்தியமும் மொழியும்

எதைப் பற்றி எழுதுவது என்ற தேர்வினால் இசை உலகின் நடப்பையே அசைத்த ஒருவர் தமிழில் இருந்தார். 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிய கல்கி, இசை இலக்கணம் படிக்காத வாசகருக்கும் விளங்குகிற நகைச்சுவைத் தமிழில் எழுதினார் என்பது எல்லோரும் சொல்வது. அதைவிட முக்கியமானது அவர் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்த பொருள். தமிழ்நாட்டில், தமிழர் கூடியிருக்கிற அரங்கத்தில், தமிழ்ப் பாட்டு ஏன் கடைசித் துக்கடாவாக மட்டும் வருகிறது என்ற கேள்வியை அவர் கைவிடவே இல்லை. அண்ணாமலை செட்டியாரின் முயற்சியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆதரவும் சேர்ந்து தமிழிசை இயக்கமாக வளர்ந்து, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, அந்தக் கேள்வியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த எழுத்துகளில் கல்கியுடையதற்குப் பெரிய பங்கு இருந்தது. எதிர்ப்பும் கடுமையாகவே வந்தது. நீங்கள் அவர் கட்சியில் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனித்தனி மாலைகளில் கேட்டதை ஒரே சரடில் கோத்துக் கேள்வியாக்கும் பழக்கத்தை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இன்று அந்தக் கேள்வியின் வடிவம் மாறியிருக்கிறது. தமிழ்ப் பாடல்கள் பாடப்படுகின்றன; எந்தத் தமிழ்ப் பாடல்கள், கச்சேரியின் எந்த இடத்தில் என்பதுதான் இப்போது கவனிக்கத்தக்கது. கோபாலகிருஷ்ண பாரதியும் பாபநாசம் சிவனும் அடிக்கடி வருகிறார்கள். முத்துத் தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் எத்தனை முறை பிரதான உருப்படியாக வந்தார்கள்? எழுபத்திரண்டு மேளகர்த்தா (தாய்) ராகங்களிலும் தமிழில் கிருதிகள் இயற்றிய கோடீஸ்வர ஐயரின் பாடல்களுள் எத்தனை, நாலைந்து பழக்கப்பட்டவற்றைத் தாண்டி, மேடைக்கு வருகின்றன? ஒரு பருவம் முழுவதும் எண்ணிக் குறித்தால் இது கட்டுரையாகும். எண்ணாமல் எழுதினால் புலம்பலாகத்தான் இருக்கும்.

சொல் பிரிப்பும் எழுதத்தக்க பொருள். பாபநாசம் சிவன் வராளியில் அமைத்த பாடல் "கா வா வா" என்று தொடங்குகிறது. முதல் 'கா' என்பது காக்க என்ற வேண்டுதல். பின்வருகிற 'வா' என்பது அழைப்பு. மூன்றையும் ஒரே மூச்சில் ஒட்டிப் பாடினால் வேண்டுதலும் அழைப்பும் கரைந்து ஓர் ஒலிக் கோவைதான் மிஞ்சும். இதைச் சுட்டிக்காட்டுவதற்குப் பெரிய இலக்கணம் தேவையில்லை, கவனம் போதும். தெலுங்குக் கிருதிகளிலும் இதே குறை நேர்கிறது; தெலுங்கு தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில், தனி முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். பாடகியின் கச்சேரியில் தமிழுக்கு இடமே இல்லை என்று நறுக்காக ஒரு வரி எழுதினேன். நான் போன பிறகு அவர் நாலு ராகத்தில் விருத்தமும் அதைத் தொடர்ந்து ஒரு திருப்புகழும் பாடி, கால் மணி நேரத்துக்கு மேல் அரங்கத்தைக் கட்டிப்போட்டிருந்தார். மறுவாரம் திருத்தம் வெளியிட்டோம். திருத்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது; முதல் வரியைப் படித்தவர்கள் பலர் என்பது மட்டும் தெரியும். மங்களம் பாடி முடியும்வரை இருக்க முடியாத கச்சேரியை உங்கள் பட்டியலிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

விட்டுவிட வேண்டியவை

புடவையின் நிறம், வேட்டியின் கரை, அரங்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், சிற்றுண்டிச்சாலையில் என்ன கிடைத்தது ஆகியவற்றை விட்டுவிடலாம். கடைசியாகச் சொன்னதை நானும் எழுதியிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. கீரை வடை நன்றாக இருந்தது. கலைஞரின் குடும்ப விவகாரமும், யார் யாரோடு பேசுவதில்லை என்ற செய்தியும் இசைக்குள் வராத வரையில் உங்களுக்குரியவை அல்ல.

மார்கழிப் பனியில் தொண்டை கட்டியிருக்கிற ஒரு நாளை வைத்துச் சாரீரத்தை (குரல் வளத்தை) பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒருவரிடம் ஒரு குறை இருக்கிறது என்று எழுத வேண்டுமானால், அதை மூன்று வெவ்வேறு கச்சேரிகளில் கேட்டிருக்க வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. மேல் ஸ்தாயியில் சுருதி ஒரு மயிரிழை தாழ்கிறது என்றால், அது இந்த மாலையின் சோர்வா, ஆண்டுக்கணக்கில் வளர்ந்துவிட்ட வழக்கமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். வழக்கம் என்று உறுதியானால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் எழுதியாக வேண்டும். மூத்தவர் என்பதால் மௌனமாக இருப்பதும் இளையவர் என்பதால் கடிந்துகொள்வதும்தான் இன்றைய வழக்கமாக இருக்கிறது. அது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தில்லியிலிருந்து பல பத்தாண்டுகள் ஆங்கிலத்தில் எழுதிய விமர்சகர் சுப்புடு கூர்மையான கேலிக்குப் பேர்போனவர். சங்கீத ஞானமும் அரங்க அனுபவமும் அவருக்கு இருந்தன. அவரைப் பின்பற்ற நினைத்த பலருக்குக் கேலி மட்டும் கைவந்தது. ஒரு நல்ல கேலி வரி மனத்தில் வந்துவிட்டால், அந்த வரிக்காகவே அந்தக் கச்சேரியைத் தேர்ந்தெடுத்து எழுதுகிற சபலம் உண்டாகும். வரியை அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். எழுத எதுவும் மிஞ்சாவிட்டால் அந்தக் கச்சேரியை விட்டுவிடலாம்.

உறவுகளையும் கவனிக்க வேண்டும். உங்கள் குருவையும், குருவின் பிள்ளையையும், உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து பாடம் கேட்டவரையும் பற்றி எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த உறவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். சபா கொடுக்கிற இலவசச் சீட்டை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கைக்காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

பின்வரிசையில் கேட்பது

ஏனென்றால் முன்வரிசையில் கேட்பதும் பின்வரிசையில் கேட்பதும் ஒரே கச்சேரி அன்று. ஒலிபெருக்கியைப் பற்றி விமர்சகர்கள் எழுதுவது மிகவும் குறைவு; எழுதினால் "மைக் தகராறு செய்தது" என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் தம் பிற்காலத்தில் மைக் இல்லாத கச்சேரியை வலியுறுத்தினார் என்பதை வெறும் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடப் பக்கத்து நாதம் எவ்வளவு தூரம், எந்த அளவில் போக வேண்டும் என்பது அவர் விரல்களின் முடிவாக இருந்தது. மைக் வந்த பிறகு அது மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முடிவாகிவிட்டது. வீணை தனம்மாள் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைச் சிலர் மட்டுமே அமைதியாகச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த வாத்தியத்தின் கமக (ஸ்வர அசைவு) நுட்பம் ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கத்தின் ஒலிபெருக்கி வழியாக வரும்போது என்ன ஆகிறது என்று இன்று எழுத வேண்டியவர் நீங்கள்தான். எழுதும்போது, கலைஞரின் பிழையையும் ஒலியமைப்பின் பிழையையும் பிரித்துச் சொல்லுங்கள். பாடகரின் குரல் முரடாக ஒலித்தது என்று எழுதுமுன், உருப்படிகளுக்கு இடையில் இடம் மாறி உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது நல்லது.

சபாவுக்கு வெளியே

நாகஸ்வரத்துக்குப் பல சபாக்கள் தொடக்க நாளில் ஒரு நேரம் ஒதுக்கிக் கடமையை முடித்துக்கொள்கின்றன. அந்த இசையின் உண்மையான மேடை கோயில் வீதி. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற புறப்பாட்டு இசை ஒலித்து, பிறகு வீதியில் நின்று நின்று ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் ஆலாபனை செய்கிற வாசிப்பைக் கேட்காதவர், டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பாடகர்களை ஏன் அவ்வளவு பாதித்தது என்று விளக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது சிதம்பரத்துக்கோ திருவாரூருக்கோ ஓர் உற்சவத்துக்குப் போய் எழுதுங்கள். ஓதுவார் ஒருவர் பழம்பஞ்சுரம் என்கிற பழந்தமிழ்ப் பண்ணில் தேவாரம் பாடுவதைக் கேட்டுவிட்டு, அதற்கு இணையாகச் சொல்லப்படுகிற சங்கராபரண ராகத்தை அடுத்த வாரம் மேடையில் கேட்டால், இரண்டையும் சேர்த்து எழுதத் தோன்றும்.

வாத்தியம் செய்கிறவர்களும் விமர்சகரின் எல்லைக்குள் வருகிறவர்களே. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையின் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்கிறார்கள். மானாமதுரை மண்ணில் செய்த கடத்துக்கும் சென்னையில் செய்ததற்கும் நாதத்தில் உள்ள வேறுபாடு மேடையில் தெளிவாகக் கேட்கும். ஒரு மிருதங்கத்தின் வலப் பக்கமான வலந்தலை ஏன் அன்று அப்படிப் பேசியது என்பதற்கு விடை, தோல் தேர்ந்து மூட்டியவரின் பட்டறையில் இருக்கலாம். அங்கே ஒரு நாள் போய் உட்கார்ந்தால், அடுத்த பருவத்தில் நீங்கள் கேட்பதே மாறிவிடும்.

அதே மார்கழியில், அதே சென்னையில், வேறு இசைகளும் ஒலிக்கின்றன. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்பின் நடுவே தொடங்கிய விழாவும், 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியும் பறை, கானா, ஒப்பாரி போன்றவற்றுக்கு இந்த மாதத்திலேயே இடம் கேட்டன. இவற்றைப் பற்றி எழுதலாமா என்று கர்நாடக இசை விமர்சகர்கள் தயங்குவதை அறிவேன். எழுத வேண்டும், ஆனால் அந்த இசைக்குள் இருக்கிற அளவுகோலைக் கற்றுக்கொண்ட பிறகு எழுத வேண்டும். கானாப் பாடகரிடம் கமகம் தேடுவதும், பறையில் கோர்வையை எதிர்பார்ப்பதும் பாராட்டாகத் தோன்றினாலும் கேட்காமல் எழுதுவதுதான். அங்கே போக ஆயத்தமில்லாதவர், தான் எழுதுவது சென்னையின் இசை முழுவதையும் பற்றியது என்று காட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

பட்டியலை ஆசிரியரிடம் கொடுக்குமுன்

டிசம்பர் முதல் வாரத்தில் இதழாசிரியர் உங்களிடம் பட்டியல் கேட்பார். அதை நாள்வாரியாக எழுதாமல், பொருள்வாரியாக எழுதிக் கொடுங்கள்: கச்சேரி நேரம் சுருங்கியது பற்றி ஒன்று, தனி பற்றி ஒன்று, ஒரே பாடகரின் மூன்று மாலைகள் பற்றி ஒன்று, மதியக் கச்சேரிகளிலிருந்து நாலைந்து, சாகித்தியக் கணக்கெடுப்பு ஒன்று, கோயில் வீதியிலிருந்து ஒன்று என்று. ஆசிரியர் நிச்சயம் இரண்டு பெரிய பெயர்களைச் சேர்க்கச் சொல்வார். சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் இதழை விற்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர்களிடமும் உங்கள் கேள்விகளுள் ஒன்றோடுதான் போக வேண்டும். காலை நேர ஆய்வுரைகளுள் ஒன்றிரண்டைச் சேர்க்கலாம். காலையில் ஒரு ராகத்தின் பழைய லட்சணத்தைப் பற்றிப் பேசியவர் மாலையில் அதே ராகத்தை எப்படிப் பாடுகிறார் என்று ஒப்பிட வாய்ப்பு அமைந்தால் விடாதீர்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு, பட்டியலில் இரண்டு மாலைகளை வெறுமையாக விடுங்கள். அந்த இரண்டு நாளும் குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டு, எந்தச் சபா அருகில் இருக்கிறதோ அங்கே போய் உட்காருங்கள். எனக்கு அப்படி ஒரு மாலையில்தான், பெயர் தெரியாத ஒருவர் தம்பூராவை மட்டும் பத்து நிமிடம் சுருதி சேர்த்ததைக் கேட்க வாய்த்தது. திரை இன்னும் உயரவில்லை, பாட்டு தொடங்கவில்லை. அதைப் பற்றி அந்த ஆண்டு எழுதினேன்.